பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில்

பெயர் சோப்பு. வயது இருபத்துமூன்று. தற்சமயம் இருப்பது விலங்குக் காப்பகத்தின் குளியலறையில், இரண்டாம் தொட்டிக்கு முன்னால், முழங்கை வரை நுரையோடு, எதிரே இருக்கும் அலமாரியின் உச்சியைப் பார்த்தபடி.

அலமாரியின் உச்சியில், அவன் குளிப்பாட்ட வேண்டிய பூனையான கரி உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத கரி. முன்னங்காலை நக்கிக்கொண்டு, கீழே நடப்பதை அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்த கரி.

அப்படியென்றால் தொட்டியில் நுரைக்குள் இருக்கும் கறுப்புப் பூனை எது?

சோப்பு மெதுவாக அதன் வாலைத் தூக்கிப் பார்த்தான். வால் நுனிக்குச் சற்று மேலே வட்டமாக முடி கொட்டியிருந்தது. கரிக்குக் காதில்தான் வட்டம். வாலில் வட்டம் இருப்பது மைக்கு.

“ஐயையோ,” என்றான் சோப்பு.

மை நிமிர்ந்து பார்த்தது. அதன் முகத்தைப் பார்த்தால், முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்பது போல இருந்தது.

சோப்பு என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்று காப்பகத்து டாக்டரம்மா எதைச் சொன்னாலும் “சரிங்க டாக்டரம்மா, ஆமாங்க டாக்டரம்மா” என்று தலையாட்டியதைப் பார்த்து லாரி அண்ணன் வைத்தது. பிறகு, நோய்ப் பூனைகளைத் தொட்டுவிட்டுக் கை கழுவிக் கழுவி அவன் மேலேயே சோப்பு வாசம் வர ஆரம்பித்ததும் பெயர் நிலைத்துவிட்டது.

லாரி அண்ணன் இதற்கு முன் லாரி கழுவும் இடத்தில் இருந்தவர். மையைக் குளிப்பாட்டும் பொறுப்பு அவருடையது. அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, மேஜைமேல் துண்டில் உட்காரவைத்து, “இரு, வர்றேன்” என்று மையிடமே சொல்லிவிட்டுப் போன் பேச வெளியே போயிருந்தார். சோப்பு கையுறை எடுக்கத் திரும்பிய நேரத்தில் கரி அலமாரி ஏறிவிட்டது. அவன் மறுபடி திரும்பினான், கறுப்பாக ஒன்று தெரிந்தது, பிடித்தான், தேய்த்தான்.

வேறு நாளாக இருந்தால் இதில் ஒன்றுமில்லை. பூனைக்கு ஒரு குளியல் போனால் போகட்டும். ஆனால் இப்போது நடப்பது சோதனை.

காப்பகத்துப் பூனைகளுக்குப் படர்தாமரை வந்திருந்தது. வட்ட வட்டமாக முடி கொட்ட வைக்கும் பூஞ்சை. பூனையிலிருந்து பூனைக்குப் பரவும், தொட்ட மனிதனையும் விடாது. அதைக் கொல்லும் மருந்து ஷாம்பூவைச் சோதித்துப் பார்க்க டாக்டரம்மா ஏற்பாடு செய்திருந்தார். ஆரம்பித்த அன்று இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

“பச்சை மூடி பாட்டில் உனக்கு. வெள்ளை மூடி அவருக்கு. ஆளுக்கு மூணு பூனை. நல்லாத் தேய்ச்சு, பத்து நிமிஷம் நுரையோட வெச்சிருந்து, அப்புறம்தான் அலசணும். பாட்டிலை மாத்தக் கூடாது. பூனையை மாத்தக் கூடாது. ஆளும் மாறக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க டாக்டரம்மா.”

“எதுல என்ன இருக்குன்னு யாரும் கேக்காதீங்க. தெரிஞ்சா வேலை செய்யற விதமே மாறிடும்.”

“கேக்க மாட்டோங்க டாக்டரம்மா.”

“இது முடியட்டும். உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அன்றிலிருந்து சோப்பின் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. வேலை நிரந்தரமானால் இந்த நாட்டில் தங்கலாம். ஆகாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அம்மா ஏற்கெனவே தெரு முழுக்க “எம் பையன் ஆராய்ச்சியில இருக்கான்” என்று சொல்லி வைத்திருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களிடம், “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதாம்” என்று கதவைச் சாத்தியிருந்தாள்.

இப்போது வெள்ளை பாட்டில் பூனைமேல் பச்சை பாட்டில் ஷாம்பூ.

பயம் வந்தால் சோப்புக்கு மூளை வேகமாக வேலை செய்யும். அதுதான் தொந்தரவே. சும்மா இருந்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

‘பச்சையை அலசிவிடலாம். மேலே வெள்ளையைப் போட்டுத் தேய்த்துவிடலாம். கடைசியாகப் படுவதுதானே கணக்கு?’

அலசினான். லாரி அண்ணனின் தொட்டியோரம் இருந்த வெள்ளை மூடி பாட்டிலை எடுத்து வந்தான். மை அதுவரை பொறுத்ததே பெரிது. மறுபடியும் ஷாம்பூ என்று தெரிந்ததும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஓர் உதை விட்டது. மூடி ஒரு பக்கம் பறந்தது, பாட்டில் ஒரு பக்கம் பறந்தது. பூனையை விடுவதா, பாட்டிலைப் பிடிப்பதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், தரையில் சாய்ந்து கிடந்த பாட்டிலிலிருந்து பாதி ஷாம்பூ தண்ணீர் போகும் ஓட்டையைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூளை மறுபடியும் வேலை செய்தது. தன்னுடைய பச்சை பாட்டிலை எடுத்து, வெள்ளை பாட்டில் நிறையும்வரை ஊற்றினான்.

நல்லவேளை, இரண்டும் ஒரே நிறம், ஒரே மணம். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்றே டாக்டரம்மா அப்படித் தயார் செய்யச் சொல்லியிருப்பார் என்று நினைத்து, அந்தப் பதற்றத்திலும் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை மனதார மெச்சினான்.

கதவு திறந்தது.

“என்னடா தம்பி, எங்க ஆளு உன் தொட்டியில உக்காந்திருக்கா?”

“இல்லண்ணே… நீங்க போன்ல இருந்தீங்க. இது பாவம், மேஜைமேல தனியா இருந்துச்சு. சரி, நாமளே… ஒரு உதவியா…”

“வெள்ளை பாட்டில்தானே போட்டே?”

“வெள்ளைதாண்ணே! வெள்ளையேதான்! இதோ பாருங்க மூடி! வெள்ளை!”

லாரி அண்ணன் ஈரத் தரையைப் பார்க்கவில்லை. உருண்டு கிடந்த மூடி தன் காலடியிலிருந்து எடுக்கப்பட்டதைப் பார்க்கவில்லை. சோப்பின் முகத்தைத்தான் பார்த்தார். அவன் தோளில் கை போட்டார்.

“கூடப் பொறந்தவன் மூணு பேர் இருக்கானுங்க. ஒருத்தன் எனக்கு ஒரு தம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல. நீ யாரு பெத்த பிள்ளையோ, என் பூனையைக் குளிப்பாட்டறே.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே.”

“ஒண்ணுமில்லையா? இதை நான் மறக்கவே மாட்டேன்டா.”

மறந்துவிட்டால் தேவலை என்று சோப்புக்கு இருந்தது.

*

பச்சை பாட்டிலில் இப்போது அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனான். ஸ்டோர்க்காரம்மா கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குள்ள தீந்துபோச்சா? பூனையைக் குளிப்பாட்டறீங்களா, இல்ல நீங்க குளிக்கறீங்களா தம்பி?”

“கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேம்மா. கரிக்கு முடி அடர்த்தி. இது பச்சை…”

“குடுங்க, குடுங்க.”

பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இவ்வளவு அனுபவமான அம்மாவின் முன்னால் தான் இப்படிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளையில் பாதிக்குப் பாதி பச்சை. இதைச் சரிசெய்ய அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புதிதாக வெள்ளை கேட்கலாம். ஆனால் அது லாரி அண்ணனின் பாட்டில். அவர் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஒரு பொய்யை நிறுத்திவைக்க நாலு பொய் முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு மரம் அவனிடம் இல்லை.

அடுத்த குளியல் நாளில் சோப்பு உள்ளே வரும்போது லாரி அண்ணன் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வா தம்பி. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“எதுக்குண்ணே?”

“அன்னிக்கு மாதிரி மையைப் பாத்துக்கறியா? அவளும் உன்னையே தேடறா. என்னைக் கண்டா நகத்தை நீட்டறா.”

மை கூண்டுக்குள்ளிருந்து சோப்பையும் அதே நகத்தோடுதான் வரவேற்றது. ஆனால் அவனுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை பாட்டில் கலப்பட பாட்டில். அதில் குளிக்கிற பூனைகளுக்குக் குணமாகாவிட்டால், பாவம், வெள்ளை ஷாம்பூவுக்குக் கெட்ட பெயர். டாக்டரம்மா ஏன் என்று தோண்டுவார். தோண்டினால் கடைசியில் தட்டுப்படுவது சோப்பின் தலை. கலப்படத்தை ஈடுகட்ட ஒரே வழி, அந்தப் பூனைகளைத் தானே உட்கார்ந்து ஒரு முடி விடாமல் தேய்ப்பது.

“சரிண்ணே. மை மட்டும் என்ன, உங்க மூணையுமே நான் பாத்துக்கறேன்.”

லாரி அண்ணன் எழுந்தேவிட்டார்.

“மூணையுமா? அப்ப உன் மூணை நான் பாத்துக்கறேன். சும்மா உக்காந்து வாங்கித் திங்கற ஆளு நான் இல்லப்பா.”

“ஆளு மாறக் கூடாதுன்னு டாக்டரம்மா…”

“அது பூனைக்கு ஆளு பழகணும்னு சொன்னது. பழகிருச்சு. கடிக்கறது யாரைக் கடிச்சா என்ன?”

சோப்பு யோசித்தான். பூஞ்சையைக் கொல்வது ஷாம்பூ. தேய்க்கிற கை எவருடையதாக இருந்தால் ஷாம்பூவுக்கு என்ன வந்தது? பாட்டில் மாறாமல், பூனை மாறாமல் இருந்தால் போதாதா? மனசுக்குச் சமாதானமாக இருந்தது.

அந்தச் சமாதானம் லாரி அண்ணன் குளிப்பாட்டுவதைப் பார்க்கும்வரைதான் நீடித்தது.

அவர் வாத்தியாரைத் தூக்கித் தொட்டியில் வைத்தார். வாத்தியார் என்பது கண்ணாடி போட்டது போலக் கண்ணைச் சுற்றிப் படர்தாமரை வந்திருந்த பழுப்புப் பூனை. குழாயைத் திறந்தார். முன்னால் ஒரு வீச்சு, பின்னால் ஒரு வீச்சு, அடியில் ஒரு வீச்சு. ஷாம்பூவை முதுகில் ஒரு கோடு இழுத்தார். இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடியும் குழாய். தூக்கித் துண்டில் போட்டார்.

“அடுத்து யாரு?”

“அண்ணே… பத்து நிமிஷம்…”

“நுரை போனா அழுக்கும் போச்சு. இத்தனை வருஷமா பதினாறு சக்கர வண்டியே கழுவியிருக்கேன். நாலு காலு எனக்கு ஒரு பொருட்டா?”

சோப்பு மையின் கூண்டைத் திறந்தான். போகட்டும், பச்சை கலப்படமில்லாத பாட்டில். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியது வெள்ளைக்குத்தான்.

அவன் மையின் கால்விரல் இடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்தான். காது மடிப்பைப் பஞ்சால் துடைத்தான். பத்து நிமிடமும் அதைத் துண்டோடு மடியில் அணைத்துக்கொண்டு, “ஆச்சும்மா, ஆச்சு, இதோ ஆச்சு” என்று பேசிக்கொண்டே இருந்தான். அடுத்து மாமனார். சாம்பல் நிறக் கடுவன். வாயைத் திறக்காது, முறைத்துக்கொண்டே இருக்கும், எது செய்தாலும் திருப்தி தெரியாது. கடைசியில் பஞ்சு. உலர்ந்திருந்தால் தலையணை அளவு, நனைந்தால் எலி அளவு.

அந்த மூன்றும் முடிந்தபோது சோப்பின் இடுப்பு கழன்றுவிட்டது. லாரி அண்ணன் எப்போதோ முடித்துவிட்டு மறுபடியும் போனில் இருந்தார்.

*

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு,” என்றான் அன்று மாலை போனில்.

“என்னடா, பொண்ணு கிண்ணு…”

“பூனைக்கா.”

“பூனையா?”

எல்லாவற்றையும் சொன்னான். அக்கா இடையிடையே “ம்” கொட்டினாள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

“என்னவாம்? ஆராய்ச்சியில ஏதாவது கண்டுபிடிச்சுட்டானா?”

“இன்னும் இல்லம்மா. அவனைத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.” அக்கா போனுக்குத் திரும்பினாள். “டேய், அது என்ன வியாதின்னு சொன்னே?”

“படர்தாமரை.”

“பேரு நல்லா பூ மாதிரி இருக்கு. வேலைதான் இப்படி இருக்கு. சரி கேளு. நேரா டாக்டரம்மாகிட்டப் போய், ‘ஷாம்பூவைக் கலந்துட்டேன்’னு சொல்லிடு. இன்னிக்குத் திட்டு வாங்கினா திட்டோட போயிடும். நாளைக்கு வாங்கினா வேலையோட போயிடும்.”

“அனுப்பிட்டாங்கன்னா?”

“நீயா சொன்னா அனுப்ப மாட்டாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுடா. தைரியம் சொல்றேன். அக்கான்னா அதைத்தானே சொல்ல முடியும்?”

மறுநாள் சோப்பு தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு டாக்டரம்மாவின் பரிசோதனை அறைக்குப் போனான். அவர் இல்லை. அறை இருட்டாக இருந்தது. மேஜைமேல் அந்த ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூனையை அதன் கீழே காட்டினால், பூஞ்சை பிடித்த முடி மட்டும் பச்சையாக ஒளிரும். சோப்பு காத்திருக்கும் நேரத்தில் சும்மா இல்லாமல் தன் கையை அதன் கீழே நீட்டிப் பார்த்தான்.

முழங்கைக்கு மேலே சட்டை முழுதும் பளீரென்று மின்னியது.

அவன் மற்றக் கையை நீட்டினான். அதுவும் மின்னியது. குனிந்து நெஞ்சைப் பார்த்தான். அவனே ஒரு குழல் விளக்காக நின்றுகொண்டிருந்தான்.

“என்னப்பா பண்றே?” டாக்டரம்மா வாசலில் நின்றார்.

“டாக்டரம்மா… எனக்கு… உடம்பெல்லாம்…”

அவர் அருகில் வந்து பார்த்தார்.

“இது துணி துவைக்கிற பவுடர். சரியா அலசாம காயப்போட்டா இப்படித்தான் நீலமா மின்னும். பூஞ்சைன்னா பச்சையாத் தெரியும். முதல்ல உன் சட்டையை ஒழுங்கா அலசு. எதுக்கு வந்தே?”

“சோதனையைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணுங்க டாக்டரம்மா. அந்தப் பாட்டில்…”

“நிறுத்து.” அவர் கையைக் காட்டினார். “பாட்டிலைப் பத்தி இப்ப எதுவும் எங்கிட்டச் சொல்லாதே. நடுவுல எனக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் கண்ணும் ஒரு பக்கமாத்தான் பாக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் பேசு.”

“சரிங்க டாக்டரம்மா.”

“போறப்ப விளக்கை அணைச்சிட்டுப் போ.”

அவன் வெளியே வந்தான். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. ஆனால் உள்ளூர ஓர் ஓரத்தில், சொல்லாமல் வந்தது சுகமாகவும் இருந்தது. அப்படிச் சுகமாக இருந்ததற்காகவும் சேர்த்துப் பயந்தான்.

*

அதன்பிறகு குளியல் நாட்கள் எல்லாம் அப்படியே போயின. சோப்பு லாரி அண்ணனின் பூனைகளை உயிரைக் கொடுத்துத் தேய்த்தான். லாரி அண்ணன் சோப்பின் பூனைகளை வண்டி கழுவினார். ரப்பர் என்று ஒரு பூனை, எப்படிப் பிடித்தாலும் நழுவும். அதை அவர் நழுவிய பக்கமெல்லாம் குழாயால் துரத்தியே குளிப்பாட்டிவிடுவார்.

ஒரு நாள் வராந்தாவில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் குளியலறைப் பக்கம் வருவதே இல்லை. அன்று வந்தார்.

“அண்ணே! வர்றாங்க! இடம் மாறுங்க, இடம் மாறுங்க!”

இருவரும் குறுக்கே பாய்ந்தார்கள். நடுவில் முட்டிக்கொண்டார்கள். கதவு திறந்தபோது லாரி அண்ணன் முதல் தொட்டி முன்னால், துண்டில் சுற்றிய மையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மையின் உடம்பில் தலை முதல் வால் வரை ஒரே சீராக நுரை. பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தொட்டி முன்னால் சோப்பு நின்றான். அவன் கையில் பாதி நனைந்து பாதி உலர்ந்த வாத்தியார். முதுகில் ஷாம்பூ ஒரே ஒரு கோடு.

டாக்டரம்மா மையின் கால்விரல்களை விரித்துப் பார்த்தார்.

“அருமை. விரல் இடுக்குல எல்லாம் நுரை போயிருக்கு. நீங்களா இப்படிப் பண்றீங்க?”

லாரி அண்ணன் அடக்கமாகத் தலை குனிந்தார். “ஏதோ நமக்குத் தெரிஞ்சதும்மா.”

டாக்டரம்மா வாத்தியாரைப் பார்த்தார். பிறகு சோப்பைப் பார்த்தார். ஒரே ஒரு “ம்” மட்டும்.

அவர் போனதும் சோப்பு சுவரில் சாய்ந்தான். “அண்ணே, அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்?”

“தொண்டை கரகரப்பா இருக்கும். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படாதே. மையை வாங்கிக்கோ, நறுக்குனு கிள்ளிட்டா.”

*

முடிவு பார்க்கும் நாள் வந்தது. அதற்கு முன்பே டாக்டரம்மா ஒவ்வொரு பூனையையும் புது டூத்பிரஷ்ஷால் உடம்பெல்லாம் வாரி, அந்தப் பிரஷ்ஷை மஞ்சள் கூழ் ஊற்றிய சின்னத் தட்டில் அழுத்தி எடுத்து வைத்திருந்தார். முடியில் பூஞ்சை உயிரோடு இருந்தால் தட்டில் பஞ்சுபோல முளைக்கும், கூழும் சிவந்துபோகும். செத்திருந்தால் தட்டு மஞ்சளாகவே இருக்கும்.

இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் தட்டுகள் இரண்டு வரிசையாக இருந்தன.

ஒரு வரிசை மஞ்சள். மூன்றும் துடைத்து வைத்தது போல மஞ்சள்.

இன்னொரு வரிசை சிவப்பு. ரப்பரின் தட்டில் முளைத்திருந்ததைப் பார்த்தால் அதையே ஒரு பூனைக்குட்டி என்று சொல்லிவிடலாம்.

சோப்பு எட்டிப் பார்த்தான். எந்த வரிசை எது?

“மஞ்சள் வெள்ளை பாட்டில் பூனைங்க,” என்றார் டாக்டரம்மா. “சிவப்பு பச்சை பாட்டில்.”

சோப்புக்கு மூச்சு வந்தது. வெள்ளை ஜெயித்துவிட்டது! பாதி பச்சை கலந்தும் ஜெயித்துவிட்டது! அவன் கெடுத்த ஷாம்பூ கெடவில்லை. பச்சை தோற்றது பச்சையின் தலையெழுத்து, கம்பெனிக்காரன் பாடு. இனி தோண்ட ஒன்றுமில்லை.

“ரொம்பத் தெளிவா இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “இவ்வளவு வித்தியாசம் வரும்னு நான் எதிர்பார்க்கலை.” லாரி அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வாங்க. நல்ல சேதிதான்.”

லாரி அண்ணன் கையைக் கொடுத்துவிட்டு, அது எதற்கு என்று தெரியாமல் சோப்பைப் பார்த்தார். சோப்பு அவருக்காகச் சந்தோஷப்பட்டான். வெள்ளை பாட்டில் யார் கையில் வந்ததோ அவர் அதிர்ஷ்டக்காரர்.

டாக்டரம்மா சோப்பின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் மென்மையானது.

“நீ ஏதோ சொல்லணும்னு வந்தியே, சொல்றியா?”

வாய் வரை வந்தது. அந்த மஞ்சள் தட்டுகளைப் பார்த்தான். எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும்போது பூனையின் வாலை எதற்கு மிதிப்பது?

“ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. ஷாம்பூ நல்லா நுரைக்குதுன்னு சொல்ல வந்தேன்.”

அவர் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

“சரி. பயப்படாதே, உன்னை அனுப்பப் போறதில்ல. இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும்னு எழுதிட்டேன். ஆனா நாளையிலேர்ந்து உன் வேலை கொஞ்சம் மாறும். ஸ்டோர்ல புது ஏப்ரன் சொல்லியிருக்கேன், வாங்கிக்கோ.”

“சரிங்க டாக்டரம்மா! ரொம்ப நன்றிங்க டாக்டரம்மா!”

வராந்தாவிலேயே அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா! அனுப்பல! இருக்கச் சொல்லிட்டாங்க! வேலை வேற மாறுதாம், புது ஏப்ரனாம்!”

“உண்மையைச் சொன்னியா?”

“சொல்றதுக்கு அவசியமே வரலக்கா. எல்லாம் தானாச் சரியாயிடுச்சு.”

“தானாச் சரியானா எனக்குப் பயமா இருக்கேடா,” என்றாள் அக்கா. அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

“ராசா, என்னத்தக் கண்டுபிடிச்சே?”

“வெள்ளை பாட்டில்தாம்மா நல்ல மருந்து!”

“எம் பையன் மருந்து கண்டுபிடிச்சுட்டான்,” என்று அம்மா சன்னல் பக்கம் திரும்பிச் சொன்னது போனில் நன்றாகக் கேட்டது. தெருவில் யாரோ “என்ன மருந்து?” என்று கேட்டதும் கேட்டது.

ஸ்டோரில் ஸ்டோர்க்காரம்மா புது ஏப்ரனை மடித்துத் தயாராக வைத்திருந்தார். சோப்பு காலியான இரண்டு பாட்டில்களையும் சன்னலில் வைத்தான். சந்தோஷத்தில் அவனுக்கு யாருக்காவது யோசனை சொல்ல வேண்டும் போல இருந்தது.

“அம்மா, இனிமே இந்தப் பச்சையை வாங்காதீங்க. வெள்ளைலதான் சரக்கு இருக்கு. அடுத்த தடவை எல்லாப் பூனைக்கும் வெள்ளையையே குடுங்க.”

ஸ்டோர்க்காரம்மா பாட்டில்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஏப்ரனை அவன் கையில் கொடுத்தார்.

“பச்சையாவது வெள்ளையாவது, ரெண்டும் நான் ஒரே கேன்லேர்ந்து ஊத்தினதுதான், யாரு கை நல்லாத் தேய்க்குதுன்னு பாக்கத்தான் டாக்டரம்மா மூடியை மட்டும் வேற வேற நிறமாப் போடச் சொன்னாங்க, நாளையிலேர்ந்து லாரி அண்ணன் நிரந்தரமாம், நீங்க அவர்கிட்டத்தான் குளிப்பாட்டக் கத்துக்கணுமாம், தயவுசெஞ்சு அவர் பண்றதைப் பாத்து ஒழுங்காக் கத்துக்கோங்க தம்பி.”